குஞ்சின் கழுத்து கிழிந்திருக்கிறதா, தொங்குகிறதா, திருகுகிறதா? அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

போன ஆடி மாதம் ஒரு காலை, முப்பத்தைந்து நாள் குஞ்சு ஒன்றைக் கடுவன் பூனை கழுத்தில் கவ்விக்கொண்டு வேலியைத் தாண்டப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா விளக்குமாற்றை வீசியதில் குஞ்சைப் போட்டுவிட்டு ஓடியது. நான் குஞ்சை எடுத்து மஞ்சள் தடவி, அட்டைப்பெட்டியில் துணி விரித்துப் படுக்க வைத்து, முன்னால் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொஞ்சம் நொய்யும் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டேன். மத்தியானம் வந்து பார்த்தால் தண்ணீர் வைத்தபடியே இருக்கிறது, குஞ்சு கண்ணை மூடிக் கிடக்கிறது. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் காயத்தைக்கூட முதலில் பார்க்கவில்லை. "தம்பி, கழுத்தை அப்புறம் பாக்கலாம், இது கடைசியா எப்ப தண்ணி குடிச்சுது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இதை எழுதுகிறேன். கோழியால் நம்மைப்போல உறிஞ்சிக் குடிக்க முடியாது. அலகில் தண்ணீரை அள்ளி, தலையை மேலே தூக்கி, தொண்டைக்குள் இறங்கவிட்டுத்தான் விழுங்கும். கழுத்தைத் தூக்க முடியாத குஞ்சுக்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் வைத்தாலும் அது தாகத்தில்தான் சாகும். கழுத்து அடிபட்ட குஞ்சுகளில் பல, காயத்தால் போவதில்லை, நாம் வைத்த கிண்ணத்துக்கு முன்னாலேயே பட்டினியால் போகின்றன. அதனால் கீழே எந்த அறிகுறி உங்கள் குஞ்சுக்குப் பொருந்தினாலும், தண்ணீரும் தீனியும் ஊட்டுவது பற்றிய பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

குஞ்சைக் கூட்டத்திலிருந்து பிரியுங்கள். ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்ற குஞ்சுகள் கொத்தும், கூடப் பிறந்தவை என்றெல்லாம் பார்க்காது, ஒரு சின்னக் கீறலை ஒரு மணி நேரத்தில் குழியாக்கிவிடும். தாய்க்கோழியோடு விட்டுவைத்தாலும் சரிவராது, அது மற்ற குஞ்சுகளோடு நகர்ந்து போய்விடும், இது பின்னால் கிடக்கும்.

அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து, ஒரு மூலையில் அறுபது வாட் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். பல்பு ஒரு பக்கமாகத்தான் இருக்க வேண்டும், சூடு அதிகமானால் குஞ்சு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். நகரவே முடியாத குஞ்சு என்றால் நீங்கள்தான் பார்க்க வேண்டும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பல்பை உயர்த்துங்கள். முதல் வாரக் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் தேவை, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அடிபட்டு அதிர்ச்சியில் இருக்கிற குஞ்சுக்கு அதன் வயதுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கதகதப்பு வேண்டும்.

அப்புறம் இரண்டு கைக்குள் பொதிந்து பிடித்து, வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். இறகை ஊதி ஊதி விலக்கினால் தோல் தெரியும். காயம் இருக்கிறதா? பல் பதிந்த ஓட்டை? வீக்கம்? கழுத்தைச் சுற்றி ஏதாவது நூல்? இந்த நூல் விஷயத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தீவன மூட்டையின் பிளாஸ்டிக் இழை, கொசுவலை நூல், தலைமுடி இதெல்லாம் கழுத்தில் சுற்றி, இறகுக்குள் மறைந்து, குஞ்சு வளர வளர இறுகும். தலை மட்டும் வீங்கி, கண் பிதுங்கினாற்போல ஒரு குஞ்சு நின்றால் முதலில் நூலைத் தேடுங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டால் வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடியும்.

கூடவே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எச்சம் என்ன நிறம், இரண்டு காலும் சமமாக ஊன்றுகிறதா, மற்ற குஞ்சுகள் நன்றாக இருக்கின்றனவா. அடிபட்டதா, சத்துக்குறைவா, சீக்கா என்று பிரிப்பது இந்த மூன்றை வைத்துத்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "சுளுக்குதான், எண்ணெய் போட்டு இழுத்துவிடு" என்று ஊரில் யாராவது சொல்வார்கள். கோழியின் கழுத்தில் மனிதனுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எலும்புகள் இருக்கின்றன, குஞ்சுக்கு அவை ஒவ்வொன்றும் கடுகு உருண்டைபோலச் சின்னது. இழுத்தால் உள்ளே இருக்கிற நரம்புத்தண்டு போய்விடும், அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மூட்டுவலிக் களிம்பும் வேண்டாம், மனிதருக்கான வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவும் வேண்டாம். டைக்ளோபினாக் என்ற வலி மருந்து போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்றுதான் நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்தன, 2006இல் அதைக் கால்நடைகளுக்குக் கொடுக்கத் தடை வந்தது. பறவையின் சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்காது. வலிக்கு மருந்து வேண்டுமென்றால் கால்நடை டாக்டர் எடை பார்த்துக் கொடுக்கட்டும்.

தோல் கிழிந்திருக்கிறது, ரத்தம் வருகிறது

சுத்தமான பருத்தித் துணியை மடித்து, ஐந்து நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், உறைகிற ரத்தம் மறுபடி உடையும். துணி மூச்சுக்குழலை நெரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் கிலோகூட இல்லாத குஞ்சின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே ஒரு மேசைக்கரண்டி அளவுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், சொட்டுச் சொட்டாக வருவதையும் ஏன் உடனே நிறுத்த வேண்டும் என்று புரியும். காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். வேறு ஒன்றும் கையில் இல்லை என்றால் மஞ்சள்தூளோ சோளமாவோ வைத்து அழுத்தலாம்.

ரத்தம் நின்ற பிறகு கழுவ வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற நார்மல் சலைன் பாட்டில் ஒன்று போதும். இல்லையென்றால் அரை லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் தலை தட்டின ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, ஊசி எடுத்துவிட்ட சிரிஞ்சில் உறிஞ்சி, காயத்தின் மேல் பீய்ச்சுங்கள். மண்ணும் உமியும் வெளியே வரும்வரை. பிறகு பெட்டாடைனை டீ டிகாஷன் நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒற்றி எடுங்கள். காயத்தின் ஓரத்தில் இருக்கிற இறகுகளைக் கத்தரிக்கலாம், பிடுங்கக் கூடாது. அதிலும் புதிதாக முளைத்துவருகிற, அடிப்பகுதி நீலமாக இருக்கிற குருத்து இறகுகளைக் கத்தரிக்கவும் கூடாது, உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், வெட்டினால் அது ஒரு புதுக் காயம்.

கோழித்தோல் ஆறுகிற வேகம் ஆச்சரியமானது. முதல் நாள் பார்க்கவே மனசு பதறுகிற காயம் பத்து பதினைந்து நாளில் மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பின்கழுத்தில் வருகிற காயங்களில் பாதி வேறொரு தாய்க்கோழி கொத்தியதாக இருக்கும், ஒரே பஞ்சாரத்துப் பக்கம் இரண்டு தாய்க்கோழி மேய்ந்தால் இது நடக்கும். அது பெரும்பாலும் தோலோடு நிற்கிற காயம், மேலே சொன்னபடி நாளுக்கு இரண்டு வேளை சுத்தம் செய்தால் போதும். தோல் தொங்கினாற்போலக் கிழிந்து உள்ளே சதை தெரிந்தால் தையல் போட வேண்டும், அன்றைக்கே கொண்டுபோக வேண்டும், மறுநாள் போனால் தோலின் ஓரம் காய்ந்து சுருங்கிவிடும்.

பூனை கடித்தது என்றால் கணக்கே வேறு. வெளியே குண்டூசி முனை அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே பல் ஆழமாக இறங்கியிருக்கும். பூனை வாயில் இருக்கிற பாஸ்டுரெல்லா என்ற கிருமி பறவைகளை ஓரிரு நாளில் சாய்த்துவிடக்கூடியது. குஞ்சு எழுந்து நடக்கிறது, தின்கிறது, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால் மூன்றாம் நாள் காலையில் விறைத்துக் கிடக்கும். பூனைக்கடிக்கு ஆன்டிபயாடிக் வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வேண்டும். என் குஞ்சுக்கு ஐந்து நாள் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்கள். மீந்துபோன மனித மாத்திரையை உடைத்து ஒரு சிட்டிகை போடுகிற வேலை வேண்டாம், அளவு தெரியாமல் போடுவது போடாமல் இருப்பதைவிட மோசம்.

காயம் ஆறும்வரை ஈக்கு அஞ்ச வேண்டும். காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். குஞ்சை வீட்டுக்குள் வையுங்கள், அல்லது பெட்டியின் மேல் கொசுவலை போடுங்கள். காயத்தின் மேல் இல்லாமல் அதைச் சுற்றி மட்டும் லேசாக வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது. வெள்ளையாக அரிசிக் குருணைபோல ஒட்டிக்கொண்டிருப்பது ஈ முட்டை, இடுக்கியால் எடுத்துவிடுங்கள். புழுவே வைத்துவிட்டது என்றால் சலைனால் பீய்ச்சிப் பீய்ச்சி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஆழத்தில் இருந்தவை மேலே வந்திருக்கும். மாட்டுக்குப் போடுகிற டர்பன்டைன், மண்ணெண்ணெய் எதுவும் குஞ்சுக்கு வேண்டாம், அந்தச் சின்ன உடம்பு அதைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொண்டு செத்துப்போகும்.

குடித்த தண்ணீர் கழுத்துக் காயத்தின் வழியே வருகிறது

கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில், வலப்பக்கமாக இருப்பது தீனிப்பை. அது கிழிந்திருக்கிறது. நனைந்த தானியமும் புளித்த வாடையும் காயத்தில் தெரியும். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது. தீனி எதுவும் கொடுக்காமல் கொண்டுபோங்கள், பைக்கும் தோலுக்கும் தனித்தனியாக இரண்டு அடுக்குத் தையல் போடுவார்கள். கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் சீக்கிரம் கொண்டுபோனால் பிழைக்கிற காயம்தான் இது.

காயம் தெரியவில்லை, ஆனால் கழுத்து பலூன்போல உப்பியிருக்கிறது

விரலால் அழுத்திப் பாருங்கள். காற்றடைத்த பைபோல மெத்தென்று, சில சமயம் நறநறவென்று இருந்தால் அது தோலுக்கடியில் காற்று. பறவையின் உடம்புக்குள் நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் உண்டு. மிதி பட்டாலோ, நாய் கவ்வினாலோ, கதவிடுக்கில் நசுங்கினாலோ அதில் ஒன்று கிழிந்து, காற்று தோலுக்கடியில் சேர்ந்துவிடும். குஞ்சு நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு, தின்றுகொண்டு இருந்தால் விட்டுவிடலாம், சில நாளில் தானாக வற்றும். மூச்சு வாங்கினால், கழுத்தைத் திருப்ப முடியாத அளவு உப்பினால், காற்றை வெளியேற்ற வேண்டும். டாக்டர் செய்வது எளிமையான வேலைதான்: தோலைக் கிள்ளித் தூக்கி, கிருமி நீக்கின ஊசியால் தோலில் மட்டும் ஒரு துளை. மறுபடி சேர்ந்தால் மறுபடி. ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொண்டால் அடுத்தமுறை நீங்களே செய்யலாம், பார்க்காமல் செய்ய வேண்டாம், கழுத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

உப்பல் முன்பக்கம் அடியில் மட்டும் இருந்து, தொட்டால் மாவுபோலவோ கல்போலவோ இருந்தால் அது தீனிப்பை. சாயங்காலம் நிரம்பியிருப்பது இயல்பு. காலையில் எழுந்தவுடன், ஒன்றும் தின்னாதபோதும் அப்படியே இருந்தால் அடைப்பு.

தண்ணீரும் தீனியும் ஊட்டுவது

முதலில் குஞ்சை உட்காரவைக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிற குஞ்சுக்கு எதை ஊட்டினாலும் மூச்சுக்குழலுக்குள் போகிற ஆபத்து உண்டு. தலையில் சுமை தூக்குகிறவர்கள் துண்டைச் சுற்றி வைத்துக்கொள்வார்களே சும்மாடு, அதேபோல ஒரு கைத்துண்டைச் சுற்றிக் குட்டிச் சும்மாடு செய்யுங்கள். குழியில் உடம்பு, மேட்டில் மார்பும் கழுத்தும் சாய்கிறமாதிரி வையுங்கள். தலை நிமிர்ந்து நிற்க உதவிசெய்கிற இந்த ஒரு துண்டு பாதி வைத்தியம்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். முதல் சில மணி நேரத்துக்கு ஒரு டம்ளரில் ஒரு சின்னத் துண்டு வெல்லமும் ஒரு கல் உப்பும் கரைத்துக்கொள்ளுங்கள். கண்மருந்துச் சொட்டிபோன்ற ஒன்றில் எடுத்து, இடது கை ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் தலைக்கு இருபக்கமும் லேசாகக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்து, அலகின் ஓரத்தில், வெளியே, ஒரே ஒரு சொட்டு வையுங்கள். அலகைப் பிளந்து உள்ளே ஊற்றாதீர்கள். நாக்குக்கு அடியோரத்தில்தான் மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது, ஊற்றினால் நேராக நுரையீரல். அலகோரத்தில் வைத்த சொட்டு தானாக இடுக்கில் இறங்கும், குஞ்சு அலகை இரண்டுமுறை தட்டும், தொண்டையில் சின்னதாக ஒரு அலை மேலிருந்து கீழே ஓடும். அந்த அலையைப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. என் குஞ்சு முதல் நான்கு சொட்டுக்கு ஒன்றுமே செய்யாமல் இருந்தது, தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. ஐந்தாவது சொட்டுக்கு அந்த அலை வந்தது, கண்ணைத் திறந்தது. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், "எறங்குதுடா, எறங்குது" என்றார். அன்றைக்கு ராத்திரி அரை மணிக்கு ஒருதரம் பத்துச் சொட்டு என்று கொடுத்தோம்.

தண்ணீர் இறங்குகிறது என்று உறுதியான பிறகுதான் தீனி. குஞ்சுத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, அவித்த முட்டை மஞ்சள்கருவைப் பிசைந்து சேர்த்து, இட்லி மாவு பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தட்டை முகத்துக்குக் கீழே வைக்காதீர்கள், கழுத்தைக் குனிய வேண்டாம் என்பதுதான் நோக்கம், அலகின் உயரத்துக்கு விரல் நுனியில் காட்டுங்கள். கொத்த முடிந்தால் கொத்தட்டும், கொத்தக் குறிபார்க்கத் தெரியாமல் பக்கத்துக் காற்றைக் கொத்தும், பொறுமையாக விரலை அதன் குறிக்குக் கொண்டுபோங்கள். கொத்தவே முடியாதென்றால் மிளகு அளவு உருண்டையாக அலகோரத்தில் வைத்து, விழுங்கினதும் அடுத்தது. நாளைக்கு ஐந்து ஆறு வேளை. ஒவ்வொரு வேளைக்கு முன்னாலும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், முந்தைய வேளைத் தீனி வடியாமல் இருந்தால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

சமையலறைத் தராசு இருந்தால் தினம் காலையில் எடை போடுங்கள். குஞ்சைப் பார்த்து, நல்லா இருக்கு, மோசமா இருக்கு என்று நாம் நினைப்பதெல்லாம் நம் ஆசைதான். கிராம் பொய் சொல்லாது. மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் உங்கள் ஊட்டல் போதவில்லை. சிரிஞ்சில் குழாய் மாட்டித் தீனிப்பைக்கே செலுத்துகிற முறை ஒன்று உண்டு, டாக்டரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

அடிபட்டது தெரியும், கழுத்து தொங்குகிறது அல்லது ஒருபக்கம் சாய்கிறது

பருந்து தூக்கிப் போட்டது, மேலிருந்து பலகை விழுந்தது, குழந்தை கழுத்தைப் பிடித்துத் தூக்கியது என்று உங்களுக்கே காரணம் தெரிகிற நிலை. முதலில் காலைப் பாருங்கள். விரலிடுக்கில் மெதுவாகக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்கிறதா? இழுத்தால் நரம்புத்தண்டு வேலை செய்கிறது, நம்பிக்கையோடு இருங்கள், தசையும் நரம்பும் வீங்கியிருக்கிறது, வீக்கம் வடிய நாள் ஆகும். இருட்டான, சத்தமில்லாத இடத்தில் சும்மாட்டில் வைத்து, ஊட்டிக்கொண்டு, மற்றபடி தொடாமல் விடுவதுதான் வைத்தியம். முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும், முதலில் ஒரு விநாடி தலை நிற்கும், அப்புறம் பத்து விநாடி. மூன்று வாரம்கூட ஆகலாம். அட்டையைச் சுற்றிக் கழுத்துப்பட்டை கட்டுவதை நான் விரும்புவதில்லை, தளர்வாகக் கட்டினால் பயனில்லை, இறுக்கிக் கட்டினால் தீனி இறங்காது.

இரண்டு காலிலும் உணர்வே இல்லை, எச்சம் தானாக ஒழுகுகிறது, இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீரும் விழுங்கவில்லை என்றால் அதைத் துன்பப்பட விடாதீர்கள். டாக்டரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் முடித்துவைப்பதும் வளர்ப்பவரின் கடமைதான்.

அடிபடவே இல்லை, கழுத்து துணிபோலத் துவண்டு தரையில் கிடக்கிறது

முதலில் கால் துவளும், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து. கண் பாதி மூடியிருக்கும். இறகை லேசாக இழுத்தால் கையோடு வரும். இது பாட்டுலிசம் என்கிற நச்சு. செத்த எலி, அழுகின குப்பை, பிணத்தில் நெளிகிற புழு இவற்றைத் தின்றதால் வருவது. கோழிக்குப் புழு நல்லதுதானே என்று நினைப்போம், பிணத்துப் புழு அந்த நச்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்திருக்கும். ஒரே நாளில் இரண்டு மூன்று குஞ்சு இப்படி விழுந்தால் உடனே கொல்லையைச் சுற்றிவந்து செத்த பிராணி எங்கே கிடக்கிறது என்று தேடி ஆழமாகப் புதையுங்கள், மற்றவற்றை அடைத்துவையுங்கள். விழுந்ததற்குச் சொட்டுத் தண்ணீரும் டாக்டரும்தான். லேசாகப் பாதித்தவை இரண்டு நாள் தாண்டினால் தேறிவிடும்.

கழுத்து திருகிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது, பின்னால் நடக்கிறது, சுற்றிச் சுற்றி வருகிறது

அதிகம் பேர் குழம்புகிற இடம் இது, இதைக் கழுத்து அடி என்று நினைத்து எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் இங்கேதான். காரணம் கழுத்தில் இல்லை. சத்துக்குறைவாக இருக்கும், இல்லையென்றால் வெள்ளைக்கழிச்சல்.

முதலில் சத்துக்குறைவு. குஞ்சு மடங்கிய கால்மேல் உட்கார்ந்து, தலை முதுகைத் தொடுகிறமாதிரி பின்னால் வளைந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் பி1 என்கிற தயமின் குறைவு என்று முதலில் சந்தேகப்படுங்கள். இது கண்டுபிடிக்கப்பட்டதே கோழியை வைத்துத்தான். 1890 வாக்கில் ஜாவா தீவில், அன்றைய பட்டேவியாவில், எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரென்று காலும் கழுத்தும் விளங்காமல் விழுந்தன, பிறகு திடீரென்று தேறின. விசாரித்தால், ராணுவ ஆஸ்பத்திரி சமையற்கட்டில் மீந்த தீட்டிய அரிசிச் சோற்றைக் கொஞ்ச நாள் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள், புதிதாக வந்த சமையல்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்றதும் பழையபடி தீட்டாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள். தவிட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று அங்கிருந்துதான் தெரிந்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்றைக்கும் நம் வீட்டுக் குஞ்சுகளுக்கு வெள்ளை அரிசி நொய்யும் பழைய சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் நடப்பது அதேதான். ரத்தக்கழிச்சலுக்குக் கொடுக்கிற ஆம்புரோலியம் மருந்தை நாள் கணக்குத் தாண்டிக் கொடுத்தாலும் பி1 குறையும், ஏனென்றால் அந்த மருந்து வேலை செய்வதே தயமினுக்குப் போட்டியாக நின்றுதான்.

பி1 குறைவு என்றால் நல்ல செய்தி, கொடுத்தவுடன் தேறும், சில குஞ்சு அதே நாளில் தலையை நிமிர்த்திவிடும். பி காம்ப்ளெக்ஸ் சிரப்பைச் சொட்டுக் கணக்கில் காலை மாலை அலகோரத்தில் கொடுங்கள், தீவனத்தில் புதுத் தவிடு கலந்துகொள்ளுங்கள். கோழிக்கு என்று கடையில் வாங்குகிற டானிக் எல்லாவற்றிலும் பி1 இருக்காது, பலவற்றில் ஏ, டி3, ஈ, பி12 மட்டும்தான் இருக்கும், லேபிளைப் படியுங்கள். "டானிக் ஊத்தியும் சரியாகல" என்பவர்களிடம் பாட்டிலைத் திருப்பிப் படிக்கச் சொன்னால் பாதி நேரம் விடை அங்கேயே இருக்கிறது.

இரண்டு முதல் நான்கு வாரக் குஞ்சு தள்ளாடி, பக்கவாட்டில் விழுந்து, தலை வளைந்து, காலை உதைத்துக்கொண்டு கிடந்தால் வைட்டமின் ஈ குறைவாக இருக்கலாம். தீவன மூட்டையை முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை வந்தால் அதில் இருந்த கொழுப்பு கெட்டு, வைட்டமின் ஈயையும் அழித்திருக்கிறது, மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வைத்த மூட்டையில் இது சகஜம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற 400 ஐயூ வைட்டமின் ஈ மாத்திரையைக் குண்டூசியால் குத்தி, குஞ்சுக்கு ஒரு சொட்டு, தினம் ஒருமுறை, கூடவே அவித்த முட்டை. ஈ வேலை செய்ய செலினியம் வேண்டும், முட்டையில் அது இருக்கிறது, தனியாக வாங்கிக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் கூடினாலும் விஷம். இதில் தேறுவது மெதுவாகத்தான் நடக்கும், மூளையில் ஏற்கெனவே சேதம் இருந்தால் முழுசாகத் திரும்பாது.

இப்போது சீக்கு. வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட், கோழிக்கழிச்சல் எல்லாம் ஒன்றுதான். எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருக்கிறதா, இறக்கை தொங்குகிறதா, கொட்டகையில் கடந்த பத்து நாளில் சில செத்தனவா? அப்படியென்றால் இந்தத் திருகல் அந்த வைரஸ் நரம்பைத் தாக்கியதன் மிச்சம். செத்ததுபோகப் பிழைத்தவற்றில்தான் இது பெரும்பாலும் தெரியும். மருந்து கிடையாது. கையால் ஊட்டிக் காப்பாற்றினால் சில பிழைக்கும், பயந்தால் மட்டும் கழுத்து திருகும், மற்ற நேரம் மேயும், அப்படியே வளரும். ஆனால் அதை உடனே கூட்டத்தில் விட்டால் மற்றவற்றுக்கும் பரவும், வாரக்கணக்கில் தனியாக வைக்க வேண்டும், அதைத் தொட்ட கையோடும் செருப்போடும் மற்ற குஞ்சுகளிடம் போகக் கூடாது. நிறையக் கோழி ஒரேயடியாகச் செத்தால் மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், சடலத்தைப் புதையுங்கள், கிணற்றோரம் வீசாதீர்கள்.

இதைத் தடுக்க ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. அரசு மருந்தகத்தில் போடுவார்கள், பிப்ரவரியில் ஊர் ஊராக முகாமும் வருகிறது. அந்தப் பெரிய ஊசியை அவசரப்பட்டுச் சின்னக் குஞ்சுக்குப் போடாதீர்கள், அதில் இருப்பது கொஞ்சம் வீரியமான உயிர்க்கிருமி, ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்குப் போட்டால் அதுவே கால் இழுப்பையும் கழுத்துத் திருகலையும் கொண்டுவரலாம்.

ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு, கூடவே கழுத்தும் சாய்ந்தால் மேரக்ஸ் என்ற வேறொரு நோய், ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்டவற்றில் வருவது. அதற்கும் மருந்து இல்லை.

சத்துக்குறைவா சீக்கா என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் தனியாகப் பிரித்து, பி காம்ப்ளெக்ஸும் ஈயும் கொடுக்கத் தொடங்குங்கள், காத்திருக்க வேண்டாம். இந்த அளவில் அவை கெடுதல் செய்யாது.

கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சு விடுகிறது

இது கழுத்து வலி இல்லை, மூச்சுத் திணறல். வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், மஞ்சள் படலமோ, சிக்கின தானியமோ, மூச்சுக்குழல் வாயில் சிவப்பாகப் புழுவோ தெரியலாம். எது தெரிந்தாலும் வாய்வழியாக எதையும் ஊற்றாமல் கொண்டுபோங்கள். தூக்கிக்கொண்டு போக வழியில்லாத ஊரென்றால் 1962க்குப் போன் செய்து கேளுங்கள், நடமாடும் கால்நடை வண்டி வருகிற பகுதிகள் உண்டு.

கழுத்தில் இறகே இல்லை

தோல் சிவப்பாக, காயமின்றி, பிறந்ததிலிருந்தே அப்படி என்றால் அது கழுத்தறுத்தான் இனம், ஒன்றும் செய்ய வேண்டாம். இறகு இருந்து பிறகு போயிருந்தால் ராத்திரி டார்ச்சோடு போய்ச் செள்ளு, பேன் தேடுங்கள், இல்லையென்றால் யாரோ கொத்துகிறார்கள்.

மறுபடி கூட்டத்தில் விடுவது

தானாகக் குனிந்து தண்ணீர் குடிக்க வேண்டும், எடை ஏற ஆரம்பித்திருக்க வேண்டும், காயத்தில் சிவப்பு தெரியக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால்தான். முதல் இரண்டு நாள் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் வைத்து, மற்றவை சுற்றி மேய்கிறமாதிரி விடுங்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும். பிறகு சாயங்காலம் அடைகிற நேரத்தில் கூட்டோடு சேர்த்துவிடுங்கள், இருட்டில் சண்டை வராது. காலையில் முதல் ஆளாக எழுந்துபோய்ப் பாருங்கள், துரத்தித் துரத்திக் கொத்தினால் எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி. தனியாக விடுவதைவிட இன்னொரு சாதுவான குஞ்சையும் இதோடு இரண்டு நாள் பெட்டியில் வைத்துப் பழக்கி, இரண்டையும் சேர்த்து விட்டால் சுலபம். என் குஞ்சை அப்படித்தான் இருபத்தோராம் நாள் விட்டேன். பல் பதிந்த இடத்தில் அதற்கு இப்போது இரண்டு வெள்ளை இறகு முளைத்திருக்கிறது, தண்ணீர் குடிக்கும்போது தலையைக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்த்துத்தான் தூக்குகிறது, அதனால் அதற்கு மட்டும் தண்ணீர்த் தட்டை ஒரு செங்கல் மேல் வைத்திருக்கிறேன்.